அட்டைப் பெட்டியில் வி.ஆர். கண்ணாடி: லென்ஸ் அளப்பதிலிருந்து தோட்டத்துப் படம் பார்ப்பது வரை

இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டி மடித்தால் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) பெட்டி ஒன்று வந்துவிடும். உள்ளே வைத்த கைப்பேசித் திரையில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டி, லென்ஸ் வழியாக ஆழத்தோடு பார்க்க வைக்கும் பெட்டி அது. ஆனால் கண்ணை வைத்துப் பார்த்தால் பல சமயம் படம் மங்கலாகத் தெரியும். அல்லது இரண்டு படமும் ஒன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். காரணம், அந்த வரைபடம் வேறொரு லென்ஸுக்கும் வேறொரு கைப்பேசிக்கும் போட்டது. கூகுளின் பாரிஸ் அலுவலகத்தில் இருந்த டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்ற இரண்டு பொறியாளர்கள் செய்த அட்டைப் பெட்டி 2014 ஜூன் மாதம் வெளியானது. அப்போது பரவலாக இருந்தது 5 அங்குலத் திரை. இப்போது நம் கையில் இருப்பது 6.5 அங்குலம். 2019-இல் அதன் மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கூகுள் திறந்துவிட்டது, 2021-இல் பெட்டி விற்பதை நிறுத்திவிட்டது. இனி நமக்கு வேண்டிய பெட்டியை நாமேதான் அளந்து செய்ய வேண்டும்.

அதனால் இங்கே வரைபடம் கிடையாது. முதலில் லென்ஸை அளப்போம். அப்புறம் கைப்பேசியையும் நம் கண்களுக்கு நடுவில் உள்ள தூரத்தையும் அளப்போம். பெட்டி அந்த அளவுகளைச் சுற்றி வரும். நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். ஊரைச் சுற்றிச் செம்பனை (பாமாயில் தரும் பனை), இடையிடையே மிச்சமிருக்கும் பால்மரம் (ரப்பர் மரம்). பள்ளி விடுமுறையில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிற முறைதான் இது. லென்ஸ் மட்டும் தபாலில் வர வேண்டும். மற்ற எல்லாம் ஊர்க் கடைத்தெருவிலும் வீட்டு அலமாரியிலும் கிடைக்கும்.

லென்ஸ்

இணையக் கடையில் 25 மி.மீ. விட்டமும் 45 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குவி லென்ஸ் ஒரு ஜோடி வாங்குங்கள். கூகுளின் முதல் பெட்டியில் இருந்த அதே அளவு. சில வெள்ளிக்குக் கிடைக்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, இரண்டும் வேலை செய்யும். பிளாஸ்டிக் என்றால் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சட்டை நுனியால் துடைக்கவே கூடாது.

மலிவுக் கடையில் கிடைக்கும் கைப்பிடி பூதக்கண்ணாடி போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. அதன் குவியத் தூரம் பெரும்பாலும் 100 மி.மீ.க்கும் மேலே போகும். பெட்டி நீண்டுவிடும், படமும் சின்னதாகவே தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 75 மி.மீ. அகலமுள்ள இரண்டு லென்ஸை அருகருகே வைத்தால் நடுப்புள்ளிகளுக்கு இடையே 75 மி.மீ. வந்துவிடும். மனிதக் கண்களின் இடைவெளி அவ்வளவு இல்லை. பிளாஸ்டிக் போத்தலை வெட்டித் தண்ணீர் நிரப்பிச் செய்யும் லென்ஸையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒரே வளைவில் அமையாது. ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரி, இன்னொரு கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தால் மூளை திணறும்.

லென்ஸ் வந்ததும் விற்பவர் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் அளந்து பாருங்கள். பகல் நேரத்தில் ஓர் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே தூரத்தில் மரமோ கட்டடமோ தெரிகிற சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். தாளுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் வெளியே இருக்கும் மரம் தலைகீழாக, நிறத்தோடு, பளிச்சென்று தாளில் விழும். அந்த இடத்தில் தாளிலிருந்து லென்ஸின் நடுப்பகுதி வரை அளந்தால் அதுதான் குவியத் தூரம். பிள்ளைகள் இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள். நகரச் சொல்லாதீர்கள். பாடப் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டுவது கண்ணெதிரே நடக்கும் இடம் இது. இரண்டு லென்ஸையும் தனித்தனியே அளந்து, 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வெயிலை வைத்து மட்டும் அளக்க வேண்டாம். சூரிய ஒளி ஒரு புள்ளியில் குவிந்து தாளையோ தோலையோ சுட்டுவிடும். செய்து முடித்த பெட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லென்ஸ் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காரிலோ ஐந்தடியிலோ (கடை முன்னால் உள்ள நடைபாதை) வைத்துவிட்டுப் போனால் உள்ளே இருக்கும் கைப்பேசித் திரை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம், அட்டை தீப்பிடிக்கவும் செய்யலாம்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும்

திரையை லென்ஸின் குவியத் தூரத்துக்குச் சற்று உள்ளே வைத்தால், திரையில் இருக்கும் படம் பெரிதாகி, தூரத்தில் இருப்பது போலத் தெரியும். எவ்வளவு தூரத்தில் என்பதுதான் சுவாரசியம். 45 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் திரை 42 மி.மீ. தூரத்தில் இருந்தால், படம் கண்ணுக்கு முன்னால் ஏறக்குறைய 63 செ.மீ. தள்ளி நிற்கும். 43 மி.மீ. என்றால் 97 செ.மீ. 44 மி.மீ. என்றால் 2 மீட்டர். சரியாக 45 என்றால் படம் எல்லையில்லாத தூரத்துக்குப் போய்விடும். 46 ஆனதும் எப்படிப் பார்த்தாலும் மங்கல்தான். ஒரே ஒரு மில்லிமீட்டர், 34 செ.மீ., ஒரு மீட்டர் என்று படத்தைத் தள்ளிவிடுகிறது. அச்செடுத்த வரைபடம் ஏன் கைகொடுப்பதில்லை என்பது இங்கேதான் புரியும். அட்டையின் தடிமன் மாறினாலே 1 மி.மீ. போய்விடும்.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் 100, 200 (அதாவது -1, -2) என்று சொல்வார்கள் அல்லவா? அந்த 100-க்கு ஏறக்குறைய 2 மி.மீ. வீதம் திரையை லென்ஸுக்கு நெருக்கமாகத் தள்ளினால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே தெளிவாகப் பார்க்கலாம். சாதாரணக் கண்ணுக்கு 44 மி.மீ. என்றால் பவர் 200 உள்ளவருக்கு 40 மி.மீ. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பவர் இருக்கும். அதனால் நான் சொல்லும் பெட்டி தீப்பெட்டி மாதிரி இரண்டு பகுதி: உள்பெட்டி ஒன்று, அது நுழைந்து நகரும் வெளிப்பெட்டி ஒன்று. இழுத்தும் தள்ளியும் தூரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

சிதறல் பார்வைக்கு (ஆஸ்டிக்மாட்டிசம்) இந்த வழி உதவாது. அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அவர்களுக்காக முகப் பக்கத்தை 10 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

கைப்பேசியும் கண்ணும்

கைப்பேசியில் கைரோஸ்கோப் இருக்கிறதா என்று அதன் விவரப் பட்டியலில் பாருங்கள். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புவது அதனால்தான். விலை குறைந்த பல கைப்பேசிகளில் அது இருக்காது. இல்லாவிட்டாலும் பெட்டி செய்யலாம். 360 பாகைக் காட்சி சரியாக வராது என்பதைத் தவிர, இடமும் வலமும் இரண்டு படம் வைத்துப் பார்க்கும் முப்பரிமாணப் படங்கள் எல்லாம் அருமையாகத் தெரியும். என்னைக் கேட்டால் அவைதான் இந்தப் பெட்டியின் உயிர். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண் இடைவெளியை அளக்க இன்னொருவர் உதவி வேண்டும். எதிரே உட்காரவைத்து, அவரைத் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்லி, புருவத்துக்குக் கீழே அடிக்கோலைப் பிடித்து ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை படியுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. சிறுபிள்ளைகளுக்கு 50-லிருந்து 58 வரை வரும். ஒரே பெட்டியைப் பலர் பயன்படுத்துவதாக இருந்தால் 60 வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் முதல் பெட்டியிலும் லென்ஸ் இடைவெளி 60-தான். அட்டைப் பெட்டிக்கான செயலிகள் ஒரு கியூஆர் குறியீட்டைக் கேட்கும். லென்ஸ் இடைவெளி, திரைத் தூரம், லென்ஸின் வளைப்பு ஆகிய கணக்குகள் அதற்குள்தான் இருக்கின்றன. 45 மி.மீ. லென்ஸையும் 60 மி.மீ. இடைவெளியையும் வைத்துக்கொண்டால் அந்த முதல் பெட்டியின் குறியீடே நமக்கும் பொருந்தும்.

அட்டை

மேகி மீ பெட்டி, மைலோ பெட்டி, ஏ4 தாள் பெட்டி என்று சாமான் கடையில் கேட்டால் அட்டை தருவார்கள். ஆனால் அவை 3, 4 மி.மீ. தடிமன். துல்லியமாக மடிக்க வராது. காலணிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டியோ மின்விசிறியோ வந்த பெட்டி, பிட்சா பெட்டி போன்றவற்றில் நெளிவு நுண்ணியதாக, 1.5 மி.மீ. தடிமனில் இருக்கும். அதுதான் வேண்டும். பிட்சா பெட்டியில் எண்ணெய் படாத மூடியை மட்டும் எடுங்கள். எண்ணெய் பட்ட அட்டையில் பசை ஒட்டாது, எறும்பும் வரும்.

மற்றவை: கூர்மையான கட்டர், இரும்பு அடிக்கோல், வெள்ளைப் பசை, மாஸ்கிங் டேப், கறுப்புத் தாள், நல்ல ரப்பர் வளையங்கள் இரண்டு, பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் பிளாஸ்டிக். கட்டரைப் பெரியவர்கள் கையாளட்டும். பிள்ளைகள் அளந்து கோடு போடட்டும், பசை தடவட்டும்.

ஒரே ஒரு விதியை மறக்க வேண்டாம். மடிக்கும் கோடு அட்டையின் நெளிவுகளுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் அட்டை நசுங்கி அளவு கெடும். மடிக்கும் இடத்தில் கத்தி வேண்டாம். மை தீர்ந்த பேனாவின் முனையால் அழுத்திக் கோடு போட்டு மடித்தால் போதும்.

லென்ஸ் பலகை

முதலில் செய்ய வேண்டியது இதுதான். 146 மி.மீ. அகலம், 72 மி.மீ. உயரத்தில் மூன்று அட்டைகள் வெட்டுங்கள். மூன்றிலும் நடுவே நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று போடுங்கள். நிமிர்ந்த கோட்டிலிருந்து இடப் பக்கம் 30, வலப் பக்கம் 30 மி.மீ. தள்ளி, படுத்த கோட்டின் மேல் புள்ளி வையுங்கள். அவை லென்ஸ்களின் மையம்.

நடு அட்டையில் லென்ஸையே வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள், லென்ஸ் இறுக்கமாக உட்காரட்டும். முன், பின் அட்டைகளில் ஓட்டை சற்றுச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் லென்ஸ் விளிம்பு பிடிபட்டு நிற்கும். அதற்குச் சட்டைப் பையில் இருக்கும் 50 சென் காசு போதும். 2012-இலிருந்து வரும் காசின் விட்டம் 22.65 மி.மீ. 25 மி.மீ. லென்ஸைச் சுற்றி 1 மி.மீ.க்கும் சற்று அதிகமாக விளிம்பு கிடைக்கும். காசின் நடு, குறித்த புள்ளியில் சரியாக வர வேண்டும் அல்லவா? அதற்குப் புள்ளியைச் சுற்றி நான்கு பக்கமும் 11.3 மி.மீ. தள்ளிச் சின்னக் கோடு போட்டுவிட்டுக் காசை அவற்றுக்குள் வையுங்கள்.

லென்ஸின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தட்டையாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, ஓரம் எப்படித் தெளிவாகத் தெரிகிறதோ அப்படி வையுங்கள். எப்படி வைத்தாலும் இரண்டு லென்ஸும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூன்று அட்டையையும் ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் காயவையுங்கள். பசை லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் மழைநாளில், வெள்ளைப் பசை காய நேரமாகும். அவசரப்பட்டுத் தூக்கினால் அட்டை வளைந்துவிடும். ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது.

காய்ந்ததும் கீழ் விளிம்பின் நடுவில் மூக்குக்கு முக்கோணம் வெட்டுங்கள். அடியில் 30 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரம். முதலில் சின்னதாக வெட்டி, முகத்தில் வைத்துப் பார்த்துப் பெரிதாக்குங்கள்.

உள்பெட்டி

65 மி.மீ. அகலமுள்ள நீண்ட அட்டைப் பட்டை ஒன்று வெட்டி, லென்ஸ் பலகையைச் சுற்றி மடித்து ஒரு செவ்வகக் குழாயாக்க வேண்டும். அளவு 146, 72, 146, 72, அதோடு ஒட்டுவதற்கு 15 மி.மீ. ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டைத் தடிமனுக்காக 1.5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நெளிவு 65 மி.மீ. பக்கமாகப் போக வேண்டும். அவ்வளவு நீளமான அட்டை கிடைக்காவிட்டால் இரண்டு துண்டாகச் செய்து சேர்க்கலாம்.

லென்ஸ் பலகையைக் குழாய்க்குள் முகப் பக்கத்திலிருந்து 30 மி.மீ. உள்ளே, சாயாமல் நிறுத்தி ஒட்டுங்கள். கைப்பேசிப் பக்கம் 30 மி.மீ. போல மிஞ்சும். அந்தப் பக்கத்தில் நடுத்தடுப்பு ஒன்று வேண்டும். 72 மி.மீ. உயரம், 30 மி.மீ. ஆழத்தில் ஓர் அட்டையை லென்ஸ்களுக்கு நடுவே நிமிர்த்தி ஒட்டுங்கள். இடக் கண் வலப் படத்தைப் பார்க்காமல் இதுதான் தடுக்கும்.

முகப் பக்கத்தில் மேல் விளிம்பை நெற்றிக்கு ஏற்ப வளைவாக வெட்ட வேண்டும். ஓரங்களில் 30 மி.மீ. அப்படியே இருக்கட்டும், நடுவில் 12 மி.மீ. விட்டால் போதும். கீழ் விளிம்பில் கன்னத்துக்கும் மூக்குக்கும் இடம் விடுங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15-லிருந்து 18 மி.மீ. இருந்தால் நல்லது. இமைமயிர் லென்ஸில் உரசினால் கொஞ்சம் தள்ளிவிட்டீர்கள் என்றால் சரியாகிவிடும். வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுவதுதான் ஒரே வழி. விளிம்பில் பழைய பருத்திச் சட்டைத் துணியை மடித்து ஒட்டுங்கள். வியர்வை பட்டால் பிரித்துத் துவைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.

உள்ளே எல்லாப் பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள், லென்ஸ் பலகையின் பின்பக்கத்திலும்கூட. பழுப்பு அட்டையில் திரை வெளிச்சம் பட்டுத் திரும்பினால் படம் வெளிறித் தெரியும்.

வெளிப்பெட்டி

இதற்கு நான் அடிக்கோலைத் தொடுவதில்லை. உள்பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வெள்ளைத் தாளைச் சுற்றிவிட்டு, அதன் மேல் 50 மி.மீ. அகலமுள்ள அட்டைப் பட்டையைச் சுற்றி, மூலைகளைக் கையாலேயே குறித்து மடித்து ஒட்டுங்கள். காய்ந்ததும் தாளை உருவிவிடலாம். தாள் விட்ட இடைவெளியில் உள்பெட்டி நகரும், ஆனால் தானாக வழுக்காது. தளர்வாகிவிட்டால் உள்பெட்டியின் மேல் மாஸ்கிங் டேப் ஒரு வரி ஒட்டினால் போதும்.

கைப்பேசி இந்தக் குழாயின் முனையில், திரை உள்ளே பார்க்கும்படி உட்காரும். 6.5 அங்குலக் கைப்பேசி 160 மி.மீ.க்கு மேல் நீளம் என்பதால் இரு ஓரமும் குழாயின் விளிம்பில் தங்கும். பின்னாலிருந்து தாங்க 175 மி.மீ. நீளம், 80 மி.மீ. உயரத்தில் அட்டைப் பலகை ஒன்று வெட்டி, குழாயின் கீழ் விளிம்பில் டேப்பால் கீல் போல ஒட்டுங்கள். அதன் உள்பக்கத்தில் சைக்கிள் டியூப்பை இரண்டு பட்டையாக வெட்டி ஒட்டினால் கைப்பேசி நழுவாது. பலகையை மூடி, இரு ஓரத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள். ஒலியைக் கூட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து, வளையம் அதன் மேல் விழாதபடி போட வேண்டும்.

குழாயின் மேல் விளிம்பின் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். திரையில் இரண்டு படத்துக்கும் நடுவே வரும் கோடு அதற்கு நேராக நிற்க வேண்டும். கைப்பேசியின் உடம்புக்கு நடுவும் திரைக்கு நடுவும் எல்லா மாடலிலும் ஒன்றாக இருப்பதில்லை. கணக்கில் வருவது திரையின் நடுதான்.

கடைசியாக வெளிப்புறம் முழுவதும் புத்தக பிளாஸ்டிக் ஒட்டுங்கள். ஈரத்தில் அட்டை தளர்ந்துபோவதையும் பூச்சி அரிப்பதையும் அது பெரிதும் தடுக்கும்.

தலைப்பட்டை வேண்டாம். கூகுளின் முதல் பெட்டியிலும் கிடையாது. கையால் பிடித்துப் பார்க்கும்போது தலை மெதுவாகத்தான் திரும்பும், தலைசுற்றலும் குறையும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடனே கையை இறக்கிவிடலாம். உட்கார்ந்தே பார்க்க வேண்டும், ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் போதும். சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கண் உறுத்துகிறது என்று பிள்ளை சொன்னால் "இன்னும் கொஞ்சம் பாரு" என்று சொல்லாமல் வாங்கி வைத்துவிடுங்கள்.

படம் ஒன்று சேராமல் போவது ஏன்

பெட்டி செய்தவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது: "அண்ணே, எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ஆனா ரெண்டு படமாவே தெரியுது." பெரும்பாலும் பெட்டியில் பிழை இருக்காது.

6.5 அங்குலத் திரையின் நீளம் 150 மி.மீ. இடமும் வலமும் இரண்டு படம் உள்ள ஒரு காணொளியைத் திரை முழுவதும் விரித்தால், ஒவ்வொரு படமும் 75 மி.மீ. எடுத்துக்கொள்ளும். அப்படியானால் இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 75 மி.மீ. ஆனால் லென்ஸ்களுக்கு இடையே 60-தான். இரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டுமானால் கண்கள் வெளிப்பக்கமாக விலக வேண்டும். கண்கள் உள்ளே திரும்பும், நேரே நிற்கும். வெளியே விலகுவது அவற்றுக்கு ஏறக்குறைய முடியாத காரியம். அதனால்தான் தலைவலி.

தீர்வு, படத்தைச் சுருக்குவது. இரண்டு படங்களின் நடுப்புள்ளிகளும் லென்ஸ் இடைவெளியைவிட அதிகமாக விலகக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டரைச் சிலர் தாங்குவார்கள், சில கண்கள் அதையும் தாங்காது. கியூஆர் குறியீட்டைப் படிக்கும் செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளும். சாதாரணக் காணொளி என்றால் இரண்டு விரலால் கிள்ளிச் சுருக்க விடும் செயலியில் போட்டு, இரு பக்கமும் கறுப்பு ஓரம் வரும்படி சின்னதாக்கிப் பாருங்கள். திரை முழுவதையும் நிரப்பவில்லையே என்று வருந்த வேண்டாம், லென்ஸ் அதைப் பெரிதாக்கிவிடும்.

மேலும் கீழுமாகப் படம் விலகித் தெரிந்தால் கைப்பேசி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கல் என்றால் லென்ஸ் பலகை கோணலாக ஒட்டியிருக்கிறது, அல்லது அந்தக் கண்ணின் பவர் வேறு. ஓரங்களில் நேர்கோடுகள் வளைந்து தெரிவது லென்ஸின் இயல்பு. செயலிகள் படத்தை எதிர்த் திசையில் வளைத்துக் காட்டி அதைச் சரிக்கட்டுகின்றன. புள்ளிகள் சதுரச் சதுரமாகத் தெரிந்தால் அது திரையின் நுணுக்கத்தைப் பொறுத்தது, பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது.

நம் தோட்டத்தைப் படம் எடுப்பது

இந்தப் பெட்டியில் சுறா நீந்துவதையும் ரோலர் கோஸ்டரையும் பார்த்துவிட்டு மூலையில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. நான் இதை விடாமல் செய்துகொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. இரண்டு கண்ணுக்கு இரண்டு படம் காட்டினால் ஆழம் தெரியும் என்று 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் காட்டினார். 1849-இல் டேவிட் புரூஸ்டர் அதை லென்ஸ் வைத்த சின்னப் பெட்டியாக்கினார். அந்தக் காலத்திலேயே முடிந்த காரியத்துக்குக் கைரோஸ்கோப் வேண்டாம், இணையமும் வேண்டாம். சாதாரணக் கைப்பேசிக் கேமராவை வைத்து நம் லயத்து வீடுகளையும் கோயிலையும் பால்மரங்களையும் ஆழத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளலாம். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடமைப்புப் பகுதி போடுகிறார்கள். இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பது என் அவசரம்.

முறை இதுதான். இரண்டு காலையும் சற்று அகட்டி நின்று, உடம்பின் எடையை இடக் காலில் வைத்து ஒரு படம். கேமராவைத் திருப்பாமல், எடையை வலக் காலுக்கு மாற்றி இன்னொரு படம். கேமரா 6-லிருந்து 7 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால் ஒரு நாற்காலியின் முதுகின் மேல் கைப்பேசியை வைத்து அடிக்கோல் பார்த்து நகர்த்தலாம். எப்போதும் இடம் முதலில், வலம் அடுத்து. இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாறிப்போனால் பக்கத்தில் இருப்பது தூரத்திலும் தூரத்தில் இருப்பது பக்கத்திலும் தெரிந்து காட்சி குழம்பும்.

படத்தில் மிக அருகில் இருக்கும் பொருள், கேமரா நகர்ந்த தூரத்தைப் போல 30 மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 6.5 செ.மீ. நகர்த்தினால் 2 மீட்டர். அதைவிடக் கிட்டே ஏதாவது இருந்தால் கண் உறுத்தும். மாறாக எல்லாமே தூரத்தில் இருந்தாலும் பயனில்லை, படம் தட்டையாகிவிடும். செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவதால் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் முன்னால் இரண்டு, மூன்று மீட்டரில் ஒரு மட்டையோ தள்ளுவண்டியோ இருந்தால்தான் அந்த ஆழம் எழுந்து நிற்கும். பால்மரம் இன்னும் சுலபம். மங்கு (பால் வடியும் கிண்ணம்) கட்டிய ஒரு மரத்தை இரண்டு மீட்டர் தள்ளி முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கள். சாய்வாக இறங்கும் வெட்டுக்கோடும் அதற்குக் கீழே மங்கும் பட்டையிலிருந்து வெளியே நீட்டி நிற்கும்.

இரண்டு படத்துக்கும் இடையே எதுவும் அசையக் கூடாது. காற்றில் ஆடும் ஓலை, ஓடும் கோழி, நடக்கும் மனிதர் எல்லாம் ஒரு கண்ணில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் விழும். காலையில் காற்று எழுவதற்கு முன் எடுப்பது நல்லது. ஆட்களை எடுப்பதாக இருந்தால் ஒரே மாதிரி இரண்டு கைப்பேசிகளை நிமிர்த்தி அருகருகே வைத்து, இருவர் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். தாத்தா பாட்டியை எடுக்க இதுதான் வசதி, அவர்களை அசையாமல் நிற்கச் சொல்லித் துன்பப்படுத்த வேண்டியதில்லை. யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். தோட்டத்துக்குள் நுழைய அனுமதி வாங்குங்கள்.

படங்களைச் சேர்க்க, கணினியில் இருக்கும் எந்த விளக்கக்காட்சி மென்பொருளும் போதும். பக்க அளவை 20 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் என்று மாற்றி, பின்னணியைக் கறுப்பாக்குங்கள். இரண்டு படத்தையும் 8 செ.மீ. சதுரமாக, இரண்டிலும் ஒரே பகுதி வரும்படி வெட்டுங்கள். இடக் கண்ணின் படத்தை இடப் பக்கமிருந்து 2 செ.மீ.யிலும் மேலிருந்து அரை செ.மீ.யிலும் வையுங்கள். வலப் படத்தை அதை ஒட்டி, 10 செ.மீ.யிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தைப் படமாகச் சேமித்துக் கைப்பேசியில் திரை முழுவதும் திறந்தால், 150 மி.மீ. திரையில் இரண்டின் நடுப்புள்ளிகளும் சரியாக 60 மி.மீ. தள்ளி விழும். உங்கள் திரையின் நீளம் வேறு என்றால், 60-ஐ அந்த நீளத்தால் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள். சதுரத்தின் பக்கம் எத்தனை செ.மீ. என்று வந்துவிடும். 140 மி.மீ. திரைக்கு 8.6.

சேமிப்பதற்கு முன் இரண்டு படத்திலும் ஒரே புள்ளியை, ஒரு தூணின் உச்சியையோ கதவின் மூலையையோ பார்த்து, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும்படி சரிசெய்யுங்கள். பக்கவாட்டு வித்தியாசம்தான் ஆழத்தைக் காட்டுகிறது, உயர வித்தியாசம் தலைவலியைத்தான் தரும்.

சேர்த்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். கைப்பேசி மாறினால் திரை நீளம் மாறும், சதுரத்தின் அளவையும் மாற்றிப் புதிதாகச் சேர்க்க வேண்டி வரும். இடம், வலம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து இரண்டு இடத்தில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, பெட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் போதும்.